கேமராவை எப்போது மாற்றுவது, எதை முதலில் மாற்றுவது: கண்மாய்க்கரைப் படக்காரருக்கு ஒரு வழிகாட்டி

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: உங்களுக்கு எந்தப் படம் கிடைக்காமல் போகிறது? அதற்குப் பதில் இருந்தால் என்ன வாங்குவது என்பதில் பாதி முடிவாகிவிட்டது. பதில் இல்லையென்றால், கையில் இருப்பதை வைத்து இன்னும் ஒரு சீசன் எடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

நான் மதுரை பக்கத்து ஒத்தக்கடையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்ப் மோட்டாரைத் தூக்கி வரவும், கட்டி முடித்ததைக் கொண்டுபோய் மாட்டவும் மேலூர், வரிச்சியூர், திருமோகூர் பக்கம் கண்மாய்க்கரை வழியாகத்தான் போய்வர வேண்டும். பறவைகள் மேல் பிரியம் வந்தது அந்தப் பாதையில்தான். கேனான் எஸ்எக்ஸ்50-இல் தொடங்கி, நிக்கான் டி7200, அப்புறம் டி500, இப்போது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) வகையில் நிக்கான் இசட்50 டூ என்று வந்திருக்கிறேன். நடுவில் வாங்கிய 200-500 மி.மீ. லென்ஸ் மட்டும் இன்னும் அதேதான். எல்லாமே சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். எதை ஏன் மாற்றினேன், நீங்கள் மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

முதல் வேலை: கழித்த படங்களைப் படிப்பது

சரியில்லை என்று தள்ளிய படங்களை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். சில மாதம் கழித்து அதைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எரிந்த மோட்டாரைத் திறந்ததும் எந்தக் காயில் கருகியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். சிங்கிள் பேஸில் ஓடியதா, தண்ணீர் இறங்கியதா என்று சொல்லிவிடலாம். கெட்டுப்போன படமும் அப்படித்தான் காரணத்தைக் காட்டும்.

படம் முழுக்க, பறவையும் கிளையும் பின்னால் இருக்கும் புல்லும், ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். கிளை கூர்மையாக இருந்து பறவையின் தலையோ இறக்கையோ மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) திறந்து மூடும் வேகம் போதவில்லை. பறவைக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் இலை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) ஏறியிருக்கிறது. பறவை படத்தில் கடுகளவு இருந்தால் தூரம்.

இன்னொன்று உண்டு, அதைப் பலரும் லென்ஸின் குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொடர்ந்து எடுத்த பத்துப் படத்தில் ஒவ்வொன்றிலும் பறவையின் ஓரம் வேறு வேறு விதமாக நெளிந்திருக்கும், எதுவுமே கூர்மையாக இருக்காது. அது கானல். நம் ஊரில் காலை ஒன்பது மணிக்கு மேல் காய்ந்த வயலுக்கும் பாறைக்கும் மேலே காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும். அதன் வழியாக 500 மி.மீ. லென்ஸில் நூறு, இருநூறு மீட்டர் பார்த்தால் எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. லட்ச ரூபாய் லென்ஸ் அந்தக் கானலை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். இதற்கு மருந்து சீக்கிரம் எழுவதும் பக்கத்தில் போவதும்தான். ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் ஜன்னலோரம் இதே நெளிவு வரும். ஏசியை அணைத்துச் சற்று நேரம் விட்டு எடுங்கள்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் எந்தக் குவியல் பெரிது என்று தெரியும். மேலூரிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி அப்பாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவர், "அண்ணே, அறுபதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன். பாடியை மாத்தவா, லென்ஸை மாத்தவா?" என்றார். கையில் நிக்கான் டி5300 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), 70-300 லென்ஸ். தள்ளிய படங்களைக் கொண்டுவரச் சொன்னேன். முக்கால்வாசி ஷட்டர் வேகம் 1/200 நொடியில் எடுத்தது. "தம்பி, இதுக்கு ஒரு பைசா செலவில்ல. வேகத்தை 1/1600-க்கு ஏத்தி, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு ஒரு மாசம் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். அந்தப் பணத்தை அவர் இன்னும் தொடவில்லை.

தூரத்துக்கு முதல் வைத்தியம் கால்தான்

பறவை இரு மடங்கு தூரம் போனால் படத்தில் அது பிடிக்கும் பரப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 300 மி.மீ. லென்ஸோடு பாதித் தூரம் கிட்டே போவதும், அங்கேயே நின்று 600 மி.மீ. லென்ஸ் மாட்டுவதும் ஒன்றுதான். கிட்டே போவது காசில்லாதது, கானலையும் பாதியாக்குகிறது.

கண்மாய்ப் பறவைகள் வேலை செய்கிற மனிதர்களுக்குப் பழகியவை. ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர், மடை திறக்கப் போகிறவர், டிவிஎஸ் எக்ஸெல்லில் கரையில் போகிறவர் யாரையும் நத்தைக்குத்தி நாரை பொருட்படுத்துவதில்லை. நடந்துகொண்டிருந்த ஆள் சட்டென்று நின்று அதை உற்றுப் பார்த்தால்தான் பறக்கிறது. அதனால் விடியுமுன் போய் உட்கார்ந்துவிடுங்கள். கரையின் கல் பாவிய சரிவில் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து உட்கார்ந்தால் முக்குளிப்பானும் தாழைக்கோழியும் தாமாகவே கிட்டே வரும், படமும் பறவையின் கண் மட்டத்தில் வரும்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் நிறையக் கண்மாய்களில் பெரிய கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் அந்தக் கரையில் உட்கார்ந்தால் சூரியன் உங்கள் முதுகில், வெளிச்சம் பறவையின் முகத்தில். மாலையில் அதே இடம் எதிர்வெயில். சாமநத்தம் கண்மாய்க்கோ வண்டியூர் கண்மாய்க்கோ புதிதாகப் போனால், மழை முடிந்து தண்ணீர் நிறைந்த மார்கழி, தை மாதத்தில், கையை வீசிக்கொண்டு ஒருமுறை சுற்றி வந்து இதைப் பார்த்து வையுங்கள்.

தொடக்கத்துக்குப் பிரிட்ஜ் கேமரா போதும்

பிரிட்ஜ் கேமரா என்றால் லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமரா. 2012-இல் வந்த கேனான் எஸ்எக்ஸ்50 எச்எஸ் 50 மடங்கு ஜூம் உள்ளது. முழுச் சட்டகக் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் 24-இலிருந்து 1200 மி.மீ. வரை இழுக்கும். அதன் பிறகு அதே இடத்துக்கு வந்தது நிக்கான் பி950, 83 மடங்கு, 2000 மி.மீ. வரை. ஒரு கிலோதான் எடை. உட்கார்ந்திருக்கும் பனங்காடையை அடையாளம் காணவும், எந்தக் கண்மாயில் என்ன வருகிறது என்று பதிவு வைக்கவும் இதைவிட மலிவான வழி இல்லை. இந்தப் பழக்கம் நமக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதன் எல்லை சென்சாரில், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லில், இருக்கிறது. இந்தக் கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 6 மி.மீ.க்கு 4.6 மி.மீ. டி7200 போன்றவற்றின் கிராப் சென்சார் (முழுச் சட்டகத்தைவிடச் சிறியது) 23.5-க்கு 15.6. பரப்பில் 13 மடங்கு. பெரிய பரப்பு அதிக வெளிச்சத்தை வாங்குகிறது, ஐஎஸ்ஓவை ஏற்ற இடம் கொடுக்கிறது. பிரிட்ஜ் கேமராவில் ஐஎஸ்ஓ 400-க்கு மேல் போனால் இறகின் நுணுக்கம் கரையத் தொடங்கும். கண்மாயில் நல்ல நேரம் என்பது விடிந்து முதல் ஒரு மணி நேரம், அப்போதுதான் வெளிச்சமும் குறைவு. என் கழித்த படங்களில் இந்தக் குவியல்தான் பெரிதாக இருந்தது. அதனால்தான் டிஎஸ்எல்ஆருக்கு, அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள டி7200-க்குப் போனேன்.

பணத்தை லென்ஸில் போடுங்கள்

பாடி மலிவாகிக்கொண்டே போகும். நல்ல லென்ஸ் விலை மெதுவாகத்தான் இறங்கும், பாடி இரண்டு மூன்று மாறினாலும் கூடவே வரும். பாடியை செகண்ட் ஹேண்டிலும், லென்ஸை முடிந்தால் புதிதாகவும் வாங்குவது என் வழக்கம். நகையை அடகு வைத்து இரண்டையும் வாங்காதீர்கள். வட்டி ஏறுகிற கவலையோடு கண்மாய்க்கரையில் பொறுமையாக உட்கார முடியாது.

2015-இல் வந்த நிக்கான் 200-500 எஃப்5.6 (எஃப் எண் லென்ஸின் திறப்பு அளவு), கிராப் சென்சாரில் 750 மி.மீ. அளவுக்குக் காட்டுகிறது. 2.3 கிலோ எடை. இதை வாங்கினால் மூன்று பழக்கங்கள் வேண்டும். தூக்குவது எப்போதும் லென்ஸின் அடியில் இருக்கும் காலரைப் பிடித்து. கேமரா பட்டையில் தொங்கவிட்டால் லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்ட் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும். இரண்டாவது, கரையிலும் வண்டி சீட்டிலும் வைக்கத் துணிப்பை ஒன்று. நான் பருத்திக்கொட்டை நிரப்பித் தைத்து வைத்திருக்கிறேன். அழுந்தி லென்ஸைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது, ஜூமை இழுக்கும்போது இந்த லென்ஸ் நீள்கிறது, நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். குவாரி லாரி போகிற ரோட்டில் அடிக்கடி இழுத்து விடாதீர்கள்.

வேகக் கணக்கு ஒன்று சொல்கிறேன், மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறக்கும் கொக்குக்கு 1/1600, பஞ்சுருட்டானுக்கும் பாய்கிற மீன்கொத்திக்கும் 1/3200. எஃப்5.6-இல் நல்ல வெயிலில் 1/3200-க்கு ஐஎஸ்ஓ 400 போதும். இளங்காலையில் அதுவே 1600-க்குப் போகும், கிராப் சென்சார் அதைத் தாங்கும். வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வரை, குறையுங்கள், வெயிலில் அதன் இறகு வெளுத்துப்போனால் அந்த நுணுக்கத்தை மீட்க முடியாது. கரிச்சான்குருவிக்குக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பாடியை எப்போது மாற்றுவது

மின்கம்பியில் உட்காரும் பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அது கிளம்பியதும் அந்த இடத்தில் ஃபோகஸை நிறுத்திவைத்துக் காத்திருந்தால் பழைய பாடியிலும் படம் விழும். இந்த மாதிரி உத்திகளையெல்லாம் பழகி முடித்த பிறகும் கிடைக்காத படம் எது என்று பாருங்கள். எனக்கு அது ஆட்காட்டி. கரையில் முட்டைக்காக நாயை விரட்டிக்கொண்டு தாழ்ந்து திரும்பித் திரும்பிப் பறக்கும், எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. டி7200 நொடிக்கு 6 படம். ராவில் (பதப்படுத்தாத மூலக் கோப்பில்) இருபது படம் போல எடுத்ததும் மூச்சு வாங்கும். 2016-இல் வந்த டி500 நொடிக்கு 10 படம், 200 படம் வரை நிற்காமல் எடுக்கும், ஃபோகஸ் புள்ளிகள் 51-இலிருந்து 153 ஆனது, சட்டகத்தின் ஓரம் வரை. அந்த ஒரு காரணத்துக்காக மாற்றினேன், ஆட்காட்டி கிடைத்தது. மெகாபிக்சல் 24-இலிருந்து 21-க்குக் குறைந்தது. அதை யாரும் படத்தில் கண்டுபிடித்ததில்லை.

மிரர்லெஸ்ஸுக்குப் போனது சத்தத்துக்காக. யானைமலை அடிவாரத்து மரப்பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று. டி500-இன் கண்ணாடி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் தலையைத் திருப்பிப் பார்க்கும், அப்புறம் உள்ளே போய்விடும். 2024-இல் வந்த இசட்50 டூவில் எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் சத்தமே கிடையாது, அவை பாட்டுக்கு இறகு கோதிக்கொண்டிருக்கின்றன. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸும் இருக்கிறது. எக்ஸ்போஷர் வ்யூஃபைண்டரிலேயே தெரிவதால் கொக்குக்கும் கரிச்சானுக்கும் கணக்குப் போட வேண்டியதில்லை.

ஆனால் எலெக்ட்ரானிக் ஷட்டரில் இந்த வகைப் பாடி சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. வேகமாக அடிக்கும் இறக்கை அதற்குள் இடம் மாறிவிடுவதால் வளைந்து விழும். உட்கார்ந்த பறவைக்கு எலெக்ட்ரானிக், பறப்பதற்கு மெக்கானிக்கல் என்று பிரித்து வைத்திருக்கிறேன். பேட்டரியும் டி500 அளவுக்கு நிற்காது. கூடுதலாக இன்னொரு பேட்டரி கையில் வேண்டும்.

பழைய லென்ஸை விற்க வேண்டியதில்லை, அடாப்டர் வைத்து மிரர்லெஸ் பாடியில் மாட்டலாம். நிக்கானுக்கு எஃப்டிஇசட் அடாப்டர், கேனான் இஎஃப் லென்ஸ்களுக்கு அதன் ஆர்எஃப் அடாப்டர் இருக்கின்றன. நிக்கானில் ஒன்றைக் கவனியுங்கள்: லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகை அடாப்டரில் தானே ஃபோகஸ் ஆகும். பாடியில் இருக்கும் ஸ்க்ரூவை நம்பிய பழைய ஏஎஃப்-டி வகை எஃப்டிஇசட்டில் கையால்தான் சுற்ற வேண்டும். வேறு கம்பெனி லென்ஸ் என்றால் உங்கள் பாடியில் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். நிக்கானின் புதிய 180-600 லென்ஸ் எனக்கும் பிடித்திருக்கிறது, ஜூம் செய்தால் நீளாது, எடையும் குறைவு. ஆனால் 200-500 என்னிடம் இருப்பதால் கிடைக்காமல் போகிற படம் எதுவும் இப்போது இல்லை, அதனால் வாங்கவில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

கல்யாண போட்டோகிராபர்களிடமிருந்து பாடிகள் நிறைய விற்பனைக்கு வரும். ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள், படக் கோப்பிலிருந்தே பார்க்க முடியும். டி7200-க்கு ஒன்றரை லட்சம், டி500-க்கு இரண்டு லட்சம் வரை சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. எஃப்16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்தால் சென்சாரில் ஒட்டிய அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். ஊதி எடுக்கிற தூசி என்றால் பரவாயில்லை.

லென்ஸை இரண்டு பக்க மூடியையும் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி படத்தில் வராது. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் மாட்டி, அருகிலிருந்து தூரத்துக்கும் தூரத்திலிருந்து அருகுக்கும் பலமுறை ஃபோகஸ் ஓட்டிக் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். நல்ல ஏஎஃப்-எஸ் மோட்டார் கிட்டத்தட்ட சத்தமில்லாமல் போகும். கீச்சென்று கத்தினால், நடுவில் திக்கினால் மோட்டார் தேய்ந்திருக்கிறது, கொஞ்ச நாளில் நின்றுவிடும். ஷட்டரைப் பாதி அழுத்தும்போது வரும் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் நடுக்கத்தடுப்பு வேலை செய்கிற சத்தம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தூரத்தை எதற்காக வாங்குகிறோம்

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 193 ஹெக்டேர், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அந்தப் பாறைகளில் இருக்கின்றன. பெரிய லென்ஸ் இருப்பவர்கள் கீழேயே நின்று எடுக்கலாம், நிற்கவும் வேண்டும். பாறையில் ஏறிக் கூட்டுக்கு எதிரே போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும், வெயிலில் குஞ்சு காயும். கானல் எழுமுன் வந்து கானல் எழுந்ததும் திரும்பிவிடுங்கள். அதே பகுதியில் தேவாங்கும் உண்டு, அதன் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. செல்போனில் குரல் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதும் வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிபட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஊருக்குள் கேமராவோடு போகிற நாம் அவர்களைவிட சத்தம் போடக் கூடாது.

பாதுகாத்து வைப்பது

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில்தான் பூஞ்சை வரும். தோல் பையில், பீரோவில் வைக்காதீர்கள். ரப்பர் ஓரம் உள்ள இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், சிலிக்கா ஜெல் போதும். மீட்டர் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும், ஆறவிட்டு மறுபடி வைக்கலாம். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், அதன் மாவு லென்ஸ் இடுக்கில் போய் உட்காரும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் வேர்க்கும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்து வெளிச்சூடு ஏறிய பிறகு திறவுங்கள்.

பழைய பாடியை விற்கும்போது பில், பெட்டி, சார்ஜர் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள், நல்ல விலை கிடைக்கும். புது பாடியில் ஒரு மாதம் எடுத்து, அதன் மெனு கைக்குப் பழகிய பிறகு விற்றால் போதும்.